கோமுகியில் வந்த பால்

எங்கள் மாடு கன்று போட முடியாமல் இரவெல்லாம் தவித்தபோது, தாயும் கன்றும் பிழைத்தால் சிவனுக்குப் பால் அபிஷேகம் செய்வதாக அத்தை வேண்டிக்கொண்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தாள். எங்கள் தெருக்காரர்களும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. போவோம், கடைசித் தூணோரம் நின்று கும்பிடுவோம், வந்துவிடுவோம். கையில் எதையும் கொண்டுபோனதில்லை.

தாயும் கன்றும் பிழைத்தன. முதல் தடவை பால் கொண்டுபோனபோது கோயில் ஆள் முகம் கோணாமல்தான் சொம்பை வாங்கிக்கொண்டார். "வச்சிட்டுப் போம்மா, சாமிக்குப் போயிடும்" என்றார். பூஜை முடிந்ததும் சொம்பு காலியாகத் திரும்பி வந்தது. எனக்குச் சந்தோஷம். ஆனால் பிராகாரம் சுற்றும்போது, மடைப்பள்ளிக்குப் பின்னால் நந்தியாவட்டைச் செடியடியில் மண் வெள்ளையாக இருந்தது. அத்தை குனிந்து தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"அதான் குட்துட்டியே அக்கா. செடிக்குப் போனா இன்னா, சாமிக்குப் போனா இன்னா? பேஜார் பண்ணாத" என்றார் அப்பா.

"நான் இன்னா செடிக்கா வேண்டிக்கினேன்?"

அவள் சண்டைக்கும் போகவில்லை. மழைக்காகக் காத்திருந்தாள்.

கார்த்திகை சோமவாரம் ஒன்றில் பிடித்தது மழை. ஏரி நிரம்பி, கலங்கல் தண்ணீர் திருக்கழுக்குன்றம் ரோட்டின் மேல் ஓடியது. கோயிலுக்கு வழக்கமாகப் பால் வருவது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அத்தை மாட்டைக் கறந்து, சொம்பின் வாயை வாழையிலையால் கட்டி, என்னையும் எழுப்பினாள்.

"இந்த மழைல பாப்பா எதுக்குக்கா?" என்றார் அப்பா.

"ஒண்டியா போனா போடின்னுவான். கொழந்த கூட இருந்தா கொஞ்சம் யோசிப்பான்."

வரப்பு தெரியவில்லை. அவளுக்கு முழங்கால் தண்ணீர், எனக்கு இடுப்பளவு. சொம்பு அவள் தலைமேல் ஆடாமல் வந்தது.

கோயிலில் குருக்கள், "பால் இன்னும் வரலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் ஆள் எங்களைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், பிறகு வெளியே மழையைப் பார்த்தார்.

"இப்பக் கறந்த பாலு சாமி. இத்த உட்டா இன்னிக்கு வேற பாலு கெடையாது" என்றாள் அத்தை. அந்தக் குரலில் கெஞ்சலே இல்லை.

"நாழியாறது. கொண்டா" என்றார் குருக்கள்.

அதற்குப் பிறகு அத்தை செய்ததில்தான் எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் சாமியைப் பார்க்க முன்னால் நகர, அவள் என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கருவறையின் வடக்குச் சுவரில், அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகிக்கு முன்னால் போய் நின்றாள். அதன் வாயையே பார்த்தபடி நனைந்தாள். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு மஞ்சள் கரைந்து வந்தது. பிறகு நெடுநேரம் வெறுமனே சொட்டிக்கொண்டிருந்தது. என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது, வலித்தது. அப்புறம்தான் வந்தது பால், வெள்ளை வெளேரென்று, நுரைத்துக்கொண்டு.

"வந்துட்ச்சி" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். "நைனா, சாமி ஒரு சொட்டுகூடக் குடிக்கல! நம்ம பாலு மொத்தமும் வெளிய வந்துட்ச்சி!"

அப்பா கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "மெய்யாலுமா அக்கா?"

"மொத்தமும்டா" என்றாள் அத்தை, தலையைத் துவட்டிக்கொண்டே.

இரண்டு பேருக்கும் முகம் கொள்ளாத சிரிப்பு. எங்கள் பாலைச் சாமி துப்பிவிட்டதில் இவர்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.