இரண்டாவது இழை

பிள்ளையார் நோன்பு அன்று எங்கள் ஆட்கள் நெருப்பை விழுங்குவோம். வெளியாரிடம் சொன்னால் முழிப்பார்கள். புதுக் கோடி வேட்டியிலிருந்து உருவிய இருபத்தொரு நூலைத் திரித்து, நெய்யில் நனைத்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவில் செருகி ஏற்றுவோம். அதற்குப் பெயர் இழை. எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வாயை மூடியதும் அணைந்துவிடும், சுடாது. ஆனால் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. வீட்டில் மூத்தவர் கையால் தர, வாயிலோ கையிலோ வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை உண்டாகியிருக்கிறவளுக்கு மட்டும் இரண்டு இழை. ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றுப் பிள்ளைக்கு.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் அப்பச்சிதான், அதாவது என் அப்பாதான், தருவார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் மூத்தவள் என்பதால் தம்பிக்கு முன்னால் எனக்கு. வருடம் முழுக்க எல்லாவற்றிலும் அவனுக்குத்தான் முதல் மரியாதை என்பதால், அந்த ஒரு சாயங்காலம் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். அவனைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அறுபதுகளின் நடுவில் அந்தத் திமிரெல்லாம் போயிற்று. காரைக்குடிக்குப் படிக்கப் போன நான், சிவகங்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒருவரைப் பிடித்துப்போய், பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றேன். வேறு சாதி. “இனிமே இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நீ வர வேண்டாம்” என்றார் அப்பச்சி. அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பெற்ற ஆத்தா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பச்சியின் கோபம் எனக்குப் புரிந்தது. ஆத்தாளின் மௌனத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் அந்த வீட்டுப் பிள்ளையா இல்லையா என்று அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த நோன்பு வந்தபோது நான் ஐந்து மாதம். காரைக்குடியில் இரண்டு அறை வாடகை வீடு. பஸ் ஏறினால் முக்கால் மணியில் கானாடுகாத்தான், ஆனால் ஏற முடியாது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அவருடைய புது வேட்டியில் நூலை உருவினேன். பொரி வறுத்தேன், பணியாரம் சுட்டேன். என்னைவிட ஆறு வயது பெரியவர் என்ற ஒரே தகுதியில் அவரைப் பிள்ளையாருக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

இழையை ஏற்றிக் கையில் கொடுத்தேன். வாங்கினார். நான் வாயைத் திறந்ததும் மனுஷர் பயந்துபோய், ‘பூ’ என்று ஊதி அணைத்துவிட்டார்.

“என்ன காரியம் பண்ணிட்டீக!” என்று கத்தினேன்.

“வாய் வெந்துறாதா? வயித்துப் பிள்ளைக்காரி வேற!”

அன்று நான் அழுதது சுடருக்காக இல்லை. இதைக்கூடச் சொல்லிக் கொடுத்துச் செய்யவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்றுதான். பிறகு மறுபடி ஏற்றிக் கொடுத்தார், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு. எனக்கு ஒன்று, வயிற்றில் இருந்த மகளுக்கு ஒன்று.

அப்படியே வருடங்கள் ஓடின. மகள் பிறந்து, தானே வாயைத் திறந்து இழை வாங்கும் வயதுக்கு வந்தாள். ஒரு ஆவாரம்பூக் கொத்து, சின்னச் சட்டி நிறையப் பணியாரம், மூன்று இழை. அவ்வளவுதான் எங்கள் நோன்பு. ஒவ்வொரு முறை அவர் கையிலிருந்து வாங்கும்போதும் என் காது அப்பச்சி என் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும். அவரிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் பாவம், அந்தக் குரலிலும் கூப்பிட்டுப் பார்ப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தைப்பூசத்துக்குக் குன்றக்குடி போயிருந்தோம். அவரும் மகளும் மலையேறினார்கள். எனக்கு முழங்கால் வலி, அடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு இளம்பெண், நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க கானாடுகாத்தான் ஆச்சிதானே? எங்க வீட்டுக்காரவுக ஜாடை அப்படியே இருக்கே.”

தம்பி மனைவி! எங்கள் வழக்கத்தில் அக்காளைத்தான் ஆச்சி என்போம். கல்யாணம் ஆனது காதில் விழுந்ததோடு சரி, அன்றுதான் அவளைப் பார்க்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டேன். எதைக் கேட்பது என்று தெரியாமல், “நோன்புக்கு ரெண்டு இழை எடுத்தியா?” என்றேன்.

“எடுத்தேன் ஆச்சி. உங்க ஆத்தாளும் ரெண்டு எடுத்தாக.”

எனக்கு விளங்கவில்லை.

“நான் வந்த மொத வருசம் பாத்துட்டு, இந்த வயசுலயான்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சமையக்கார அம்மா கிள்ளுனாக. நீங்க வீட்டை விட்டுப் போன வருசத்துல இருந்து இப்படித்தானாம். தனக்கு ஒண்ணு வாங்குனதும் போக மாட்டாக, கையை நீட்டிக்கிட்டே நிப்பாகளாம்.”

“அப்பச்சி?”

“மாமாதானே குடுக்குறாக. ஒண்ணும் பேச மாட்டாக. ரெண்டாவதைக் குடுக்குறப்ப மட்டும் சுவரைப் பாத்துக்கிருவாக.”

மேலிருந்து தம்பி இறங்கி வருகிறானோ என்ற பயத்தில் அவள் எழுந்து போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். பெற்று இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து, அத்தனை பேருக்கு முன்னால், வாயே திறக்காமல் ஆத்தா என்னை மறுபடி வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளை மௌனி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த நோன்பு அன்று அவர் இழையை ஏற்றி நீட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

“என்ன?” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க. அங்குட்டு ஆத்தா முதல் இழையை முழுங்கியிருக்கும். ரெண்டாவதுக்குக் கையை நீட்டட்டும்.”

ஜன்னல் வழியாக மார்கழிக் காற்று வந்தது. முதல் வருடம் ஊதி அணைத்த மனுஷர், இடது கையைக் குவித்துச் சுடரை மறைத்துக்கொண்டு, நான் சொல்லும்வரை காத்திருந்தார்.