ஒன்றுக்கு ஆயிரம் காவல்

காலையில் கண் விழித்ததும் சின்னவள் மூன்று கடிகாரங்களையும் வரிசையாகப் பார்ப்பாள். இரண்டு ஒரே நேரம் காட்டினால் அதுதான் நேரம். தனித்து நிற்கும் மூன்றாவதைத் திருகி வழிக்குக் கொண்டுவருவாள். கைக்கடிகாரம் கட்டிய அண்ணன் எதிரிலேயே நின்றாலும் மணி கேட்க மாட்டாள். ஒரே ஆள் சொல்வதை நம்பக் கூடாதாம்.

அண்ணன் பத்தாவதோடு நிறுத்தியவர், லிஃப்ட் மெக்கானிக். தங்கை குவாண்டம் கணினிக்குப் பிழை திருத்துகிறாள் என்பதை லிஃப்டில் ஏறுகிறவர்கள் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.

ஓர் அறையையே அடைத்து நிற்கும் குளிர்பெட்டிக்குள், அந்தக் கணினி கணக்குப் போடப் பயன்படுத்தும், கண்ணுக்குத் தெரியாத க்யூபிட்கள். லேசாகச் சூடு பட்டாலே புத்தி பேதலிக்கும். நேராகப் பார்த்தாலும் கெட்டுவிடும். ஆகவே பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் விசாரித்து, பிசகியது எது என்று பிடிப்பாள். அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகவே தெரிந்துகொள்கிற நாசூக்கு.

"ஒண்ணு ஒழுங்கா நிக்கணும்னா ஆயிரம் சேர்ந்து காவல் காக்கணும்ணே."

"காவல் காக்கிறதுக்கும் புத்தி பிசகுமா?"

"அதுக்குத்தானே ஆயிரம்!"

"நல்ல மெஷின். எப்ப கணக்கு போடும்?"

"முதல்ல போட்டதை மறக்காம இருக்கட்டும்."

ஆறு வருடம் இப்படியே போனது. நேற்று ஆய்வுக்கூடத் தலைவர் திறப்பு விழாவுக்கு முந்நூறு அழைப்பிதழ்கள் அச்சடித்துக் கொடுத்தார். 'நம்பகமான ஆயிரம் க்யூபிட்கள் கொண்ட கணினி!' ஒவ்வொன்றிலும் பொறுப்பாளர் என்று அவள் கையெழுத்திட வேண்டும்.

"ஆயிரம் இருக்குதானேம்மா?"

"இருக்கு சார். நம்பகமானது ஒண்ணுதான்."

"ஒண்ணைப் பார்க்கவா அமைச்சர் வருவாரு? கையெழுத்து போடலேன்னா அந்த ரூமைப் பக்கத்து டிபார்ட்மெண்டுக்குக் கொடுத்துடுவேன். அவங்களுக்கு நாற்காலி போட இடமில்லையாம்."

அழைப்பிதழ்க் கட்டு இப்போது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஆறு வருட உழைப்பு நாற்காலிக் கிடங்காகப் போகிற கவலை அண்ணனுக்கு.

"போட்டுடும்மா. எவன் உள்ள போய் எண்ணப் போறான்?"

"பத்து பேர் தாங்குற லிஃப்டுக்கு இருபது பேர்னு சர்டிஃபிகேட் கேட்டா, நீ போடுவியாண்ணே?"

கயிற்றின் ஒவ்வொரு இழையையும் தடவிப் பார்க்காமல் கையெழுத்திடாத அண்ணன், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவள் முதல் அட்டையை எடுத்தாள். 'ஆயிரம்' என்பதை அடித்து, மேலே 'ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அடித்த கோடு சற்றே கோணியிருந்தது.

அடுத்த அட்டையை எடுத்தபோது அண்ணன் கை கழுவிவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, அவளுக்காக ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.