ஓரத்தில் எழுதியிருக்க வேண்டிய கேள்வி

ஒரு மாணவியின் ஆய்வேட்டை நான் எழுதினேன். எழுதவில்லை என்று விசாரணைக் குழுவின் முன் சொன்னேன். அவளுக்குப் பட்டம் போயிற்று. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

இவ்வளவுதான் செய்தி. இதற்குமேல் நான் சொல்லப்போவதெல்லாம் விவரம். விவரம் சொல்லத் தொடங்கினால் குற்றம் கொஞ்சம் இளைத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். எழுத்தைக் கற்பிப்பவளுக்கு அதுகூடத் தெரியாதா? ஆகவே எந்த இடத்திலாவது நான் எனக்காக வாதாடுவதுபோல் உங்களுக்குப் பட்டால், அந்த இடத்தில் என்னை நம்பாதீர்கள்.

என் பெயர் வேண்டாம். உழவர்கரையில் ஒரு காலனி வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். பதினோரு ஆண்டுகள் ஒப்பந்த விரிவுரையாளராக ஆங்கிலம் நடத்தினேன். கல்லூரி திறக்கும் மாதம் நெருங்கினால், இந்த ஆண்டு கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். அப்படி இருந்தவளை அழைத்து, மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் முறையை ஆன்லைனில் பயிற்றுவிக்க ஒரு திட்டம் உருவாக்கித் தரச் சொன்னார்கள். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். புதுச்சேரியில் கல்லூரிகளுக்கா பஞ்சம்!

திட்டத்தை நன்றாகவே செய்தேன். அதை மறுக்கமாட்டேன். நேரம் பதிவு செய்ய ஒரு படிவம், பயிற்றுநருக்கு ஒரு கையேடு, மாணவரும் பயிற்றுநரும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்கும் பகிர்வுக் கோப்பு... எல்லாம் என் யோசனை. கையேட்டின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு விதி வைத்தேன். பயிற்றுநர் கேள்வி கேட்பார். மாணவரின் வாக்கியத்தை எழுதித் தரமாட்டார்.

கோப்பு எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதில் பயிற்றுநர் இரண்டு வழியில் எழுதலாம். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் கேள்வியாக எழுதலாம். அல்லது மாணவரின் வாக்கியத்துக்குள்ளேயே புகுந்து திருத்தலாம். அப்படித் திருத்தினால் நம் எழுத்து பச்சை நிறத்தில் தெரியும், பக்கத்தில் ஒரு டிக் குறியும் ஒரு எக்ஸ் குறியும் இருக்கும். மாணவர் டிக்கை அழுத்தினால் பச்சை கறுப்பாகி அவருடைய எழுத்தோடு கலந்துவிடும். எங்கள் விதிப்படி ஓரம் மட்டுமே எங்களுடையது.

முதல் ஆறு மாதம் சோதனை ஓட்டம். முடிவில் நிர்வாகம் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: ஒரு மாணவரின் முதல் படி, கடைசிப் படி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வித்தியாசம் தெரிந்தால் திட்டம் நிரந்தரம், அதோடு நானும்.

சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். மழைக்காலம் முடிவதற்குள் பத்துப் பேர் நழுவிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருவன் கூப்பிட்டால்தான் வருவான். கூப்பிடாமல் வந்தவள் லோகேஸ்வரி ஒருத்திதான்.

சமூகவியல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. காலாப்பட்டுக்குப் பக்கத்தில் மீனவக் குப்பம். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் வலை காயும் இடத்தில் உட்கார்ந்து மாலை நான்கு மணிக்கு என்னோடு பேசுவாள். கேமராவைத் திறக்கமாட்டாள். பேச்சுக்கு நடுவே காற்றும் யாராவது கூப்பிடுவதும் கேட்கும். கூடையில் மீன் விற்கும் பெண்களின் நேரத்தைப் பற்றி ஆய்வு செய்தாள். அவள் அம்மா அந்தப் பெண்களில் ஒருத்தி.

அவளுடைய ஆங்கிலம் நொண்டும். ஆனால் சொல்ல வந்தது நொண்டாது. ‘எங்கள் பெண்கள் கடிகாரம் பார்ப்பதில்லை, கூடையில் ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார்கள்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆம்... பொறாமை. இருபது ஆண்டு ஆங்கிலம் படித்தும் அப்படி ஒரு வாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை.

முதலில் விதிப்படியே நடந்தேன். ஓரத்தில் கேள்வி வைப்பேன். அவள் மூன்று நாள் யோசித்து இரண்டு வரி மாற்றுவாள். அந்த இரண்டு வரியும் அவளுடையதாக இருக்கும். ஆனால் மூன்று நாளுக்கு இரண்டு வரி என்றால் ஆய்வேடு எப்போது முடிவது? நான் எப்போது வித்தியாசத்தைக் காட்டுவது?

ஒரு நாள் ஓரத்தைவிட்டு உள்ளே போனேன். ஒரே ஒரு வாக்கியம். பச்சை எழுத்து. ஒரு நிமிடத்தில் அவள் டிக் போட்டுவிட்டாள். மறுநாள் ஒரு பத்தி. அதற்கும் டிக். அதற்கடுத்த வாரம் ஓர் அத்தியாயம்! ஐஸைப் பற்றிய அந்த வாக்கியத்தையும் விடவில்லை. ‘விற்பனையாளர்களின் நேர உணர்வு, பொருளின் அழியும் தன்மையைச் சார்ந்துள்ளது’ என்று மாற்றினேன். ஆய்வு மொழியாம்! அதற்கும் அவள் டிக் போட்டாள்.

எனக்கே ஒரு கட்டத்தில் கூச்சமாக இருந்தது. பிடிக்காததை எக்ஸ் போட்டு நீக்கிவிடலாமே என்று ஒரு மாலை அவளிடம் சொன்னேன்.

“நீங்க எழுதனதுமேல நான் எக்ஸ் போடறதா மேடம்? அது எப்பிடி போடறது...” என்றாள்.

நான் சிரித்தேன். அவளுக்கு அது மரியாதை. பெரியவர்கள் இலையில் வைத்ததை வேண்டாமென்று ஒதுக்குகிற பழக்கம் அவளுக்கில்லை. டிக்குக்குப் பக்கத்தில் எக்ஸையும் வைத்துவிட்டால் மாணவருக்கு உரிமை கொடுத்தாயிற்று என்று நினைத்துத் திட்டம் தீட்டியவள் நான். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா? இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இன்னும் உண்மையாகச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்றாம் அத்தியாயத்தில் அவளுடைய ஒரு வாக்கியம் எனக்குப் புரியவில்லை. ‘கூடை காலியான பிறகுதான் அவர்களுக்குப் பயம் வருகிறது’ என்று எழுதியிருந்தாள். காலிக் கூடை நிம்மதியல்லவா? மீன் விற்றுத் தீர்ந்த பிறகு என்ன பயம்? அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். ‘இங்கே இவள் என்ன சொல்ல வருகிறாள்? கேட்க வேண்டும்.’ அவசரத்தில் அதை ஓரத்தில் எழுதாமல் உள்ளேயே, பச்சையில், எழுதிவிட்டேன்.

அவள் அதற்கும் டிக் போட்டாள்.

நான் கவனிக்கவில்லை. கேட்கவும் மறந்துபோனேன். ஆய்வேடு அச்சாகி, தைத்து, கறுப்பு அட்டை போட்டுப் போய்ச் சேர்ந்தது. ஐம்பத்தாறாம் பக்கத்தில், அவளைப் பற்றி இன்னொருவர் எழுதிய குறிப்போடு!

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியைப் பிடித்துவிட்டார். யார் பிடிக்கமாட்டார்கள்? வாய்மொழித் தேர்வில் அவர் அதை வாசித்துக் காட்டி, இது யார் எழுதியது என்று கேட்டாராம். லோகேஸ்வரி, மேடம் திருத்திக் கொடுத்தார்கள் என்று சொன்னாளாம். செவ்வாய்க்கிழமை எனக்குத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று பேர் கொண்ட குழுவின் முன் இருவரும் வர வேண்டும்.

அந்தப் பகிர்வுக் கோப்பு யார் எந்த எழுத்தை எந்த நிமிடம் எழுதினார்கள் என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். அது திட்டத்தின் கணக்கில் இருந்தது. கணக்கின் சாவி என்னிடம் இருந்தது.

புதன்கிழமை காலை, காபி குடித்துவிட்டு, அதை நீக்கினேன். நிரந்தரமாக நீக்கலாமா என்று இயந்திரம் ஒரு முறை கேட்டது. ஆம் என்றேன். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன்? நான் தூக்கமில்லாமல் புரண்டேன் என்று நீங்களாகக் கற்பனை செய்து எனக்கு இரக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

வியாழக்கிழமை அவள் போன் செய்தாள்.

“மேடம், அந்த பைலு தெறக்க மாட்டேங்குது. நாளிக்கி அத்த காட்டனா போதும்ல, நீங்கதான் திருத்துனீங்கன்னு அதுலயே தெரியுமில்ல?”

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு, துவைத்து மடித்த சேலை கட்டி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“நீங்கதான் அந்த மேடமா? நீங்க வந்துட்டா ஒண்ணும் ஆவாதுன்னு பொண்ணு சொல்லுச்சி” என்றார்.

நான் தலையசைத்துவிட்டு உள்ளே போனேன். தலையசைத்ததற்கு என்ன பொருள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்...

உள்ளே, திட்டம் எப்படி நடக்கிறது என்று முதலில் கேட்டார்கள். கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினேன். நாங்கள் கேள்வி மட்டும் கேட்போம், எழுதித் தரமாட்டோம், விதியே அதுதான் என்றேன். பார்த்தீர்களா, அதுவரை நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை! விதி என்ன என்றுதானே சொன்னேன்? ஆனால் தலைவர் விடவில்லை. இந்தப் பெண்ணுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா இல்லையா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன். கோப்பைக் காட்ட முடியுமா என்றார். சோதனை ஓட்டத்துக் கோப்புகளை அழித்துவிடுவது வழக்கம் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். வெளியே டைப்பிங் கடையில் கொடுத்து எழுதி வாங்கினாயா, உண்மையைச் சொல்லிவிடு என்றார். நான் மேசையின் மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோகேஸ்வரியை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம். அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை அதில். நான் ஏதாவது சொல்வேன் என்று சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு தலைவரிடம் சொன்னாள்:

“மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்.”

நான் எழுதிய எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவள், அதையும் ஏற்றுக்கொண்டாள்.

ஆய்வேடு தள்ளுபடியாயிற்று. அடுத்த ஆண்டு புதிதாக எழுதித் தரலாம் என்று வாய்ப்பு கொடுத்தார்கள். அவள் தரவில்லை. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுக்குப் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளுடைய பக்கங்களைத்தான் நிர்வாகத்துக்குக் காட்டத் திட்டமிட்டிருந்தேன். அது முடியாமல் போகவே, கூப்பிட்டால் வருகிற அந்தப் பையனின் பக்கங்களைக் காட்டினேன். அவனுக்கு நான் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை. அதுவே போதுமானதாக இருந்தது! அப்படியென்றால் நான் செய்தது எதற்காக?

இன்று திட்டத்தில் ஒன்பது பயிற்றுநர்கள். ஒவ்வோர் ஆண்டும் புதியவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். முதல் பக்கத்து விதியை உரக்க வாசிப்பேன். பச்சை எழுத்து வசதியை மூடிவிட்டேன். இப்போது எங்களால் ஓரத்தில் மட்டுமே எழுத முடியும். இதைப் பரிகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். தடயம் மீண்டும் விழக் கூடாது என்ற எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

அவளிடம் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். சேதராப்பட்டு என்ன சீமையிலா இருக்கிறது? பேருந்து ஏறினால் முக்கால் மணி நேரம். குழுவிடம் இப்போதும் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் அவள் பெயர் தெளியும், என் வேலை போகும். இரண்டும் தெரிந்துதான் இத்தனை நாள் போகாமல் இருக்கிறேன்.

போன வாரம் ஒரு புதிய பதிவு வந்தது. முதலாண்டு மாணவி. ஊர் அதே குப்பம். தந்தை பெயர் அதே பெயர். யார் என்று விசாரிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. படிவத்தில், பயிற்றுநரிடம் முன்கூட்டியே ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் காலியாகவே வரும். அதில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்:

‘கேள்வி மட்டும் கேளுங்க மேடம். எழுதித் தர வேணாம். அக்கா சொல்லச் சொன்னாங்க.’

கூடை காலியான பிறகு ஏன் பயம் வரும் என்று இந்தச் சிறியவளிடம் கேட்டால்கூடச் சொல்லிவிடுவாள். ஒரு கேள்விதான். கேட்பதுதான் என் தொழில்.

வேறு பயிற்றுநருக்கு மாற்றும் பொத்தானை அழுத்தினேன். காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறந்தது. ‘நேரமில்லை’ என்று எழுதினேன். அதற்கு டிக் போடவோ எக்ஸ் போடவோ யாரும் இல்லை, அப்படியே பதிவாகிவிட்டது.