கடல் இல்லாத ஊரில் ஒரு பங்கர்

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாசனை எங்கே மூக்கில் ஏறினாலும், குளிர்ந்த கருங்கல்லில் கன்னம் வைத்தது போலாகிவிடும் எனக்கு. காமயகவுண்டன்பட்டியில் அத்தையின் திராட்சைத் தோட்டத்து மூலையில், பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்திருந்த அந்தக் கல் அறைக்கு ஊரில் 'பங்கர்' என்று பெயர். பந்தலுக்கு அடிக்கிற மருந்தை அதற்குள்தான் கரைப்பார்கள் என்பதால் சுவரெல்லாம் நீலம். மேற்கு வெயில் சாய்ந்து உள்ளே விழுந்து அந்த நீலத்தில் நெளியும்போது, கடலையே பார்த்திராத நான் அதைத்தான் கடல் என்று நம்பிக்கொண்டு கிடப்பேன்.

கட்டியவர் மாமா, அத்தையின் கணவர். பங்களாதேஷ் போரின்போது குஜராத் கடற்கரையில் இப்படியொரு பட்டாளத்துப் பதுங்குகுழிக்குள் இருந்து கடலைக் காவல் காத்தவர். ஊர் திரும்பியதும் கிணற்றில் வெட்டிப்போட்ட கல்லை அடுக்கி இதைக் கட்டி, மேற்குச் சுவரில் கோயில் உண்டியல் வாய் மாதிரி நீளமாக ஒரு சந்து விட்டார். அறை கிணற்று மோட்டார் வைக்க என்றார். மோட்டாருக்கு எதற்குச் சன்னல் என்றது ஊர்.

"என்ன மாப்ள, கடல் தெரியுதா?" என்று வரப்பில் போகிறவர்கள் குனிந்து கேட்பார்கள்.

"மலைக்கு அங்கிட்டுக் கடல்தேன?" என்பார் மாமா.

பொய்யில்லை. குமுளி மலையைத் தாண்டிக் கடல்தான் மேகமாக ஏறி வரும். பழுக்கிற கொத்தில் மழை இறங்கினால் திராட்சை வெடித்துவிடும். சாப்பாட்டைக்கூட உள்ளே வாங்கிக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

தோட்டத்தின் முதல் காய்ப்பு அது. இனிப்பேற இன்னும் நாலு நாள் வேண்டும். ஆனி மாதத்துப் பகலில் பங்கருக்குள்ளிருந்து மாமா கத்தினார்: "வருது! அறுத்துருங்க!"

பந்தலடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "போன வாரமும் இப்பிடித்தேன் சொன்னாக. காக்காதேன் வந்துச்சு" என்றாள் செல்லத்தாய்.

"உசுரோட குழிக்குள்ள எறங்க எனக்கென்ன தலையெழுத்தா" என்று அதுவரை அந்தப் பக்கமே போகாத அத்தை, அன்றைக்கு இறங்கினாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும். மாமா சந்தின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "அங்கன, குஜராத்துல, ஒருதரம் இப்பிடித்தேன் வருதுன்னு பாத்துச் சொன்னேன். சிரிச்சாக. சிரிச்சதுல ரெண்டு பேரு வீடு போய்ச் சேரல."

அத்தை அவரை விலக்கிவிட்டுச் சந்தில் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மேலே ஏறி வந்து, "கத்திரிய எடுங்கடி" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் பந்தல் மொட்டை. பங்கருக்குள் வைக்கோல் பரப்பிக் கொத்துகளை அடுக்கினோம். அன்றும் மழையில்லை, மறுநாளும் இல்லை. பழம் எடுக்க வந்த வியாபாரி ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஆரு, அக்கா, இந்தக் காய அறுக்கச் சொன்னது?"

எல்லார் கண்ணும் மாமா மேல் போயிற்று. அவர் தன் கால் விரலைப் பார்த்தார்.

"நாந்தேன்" என்றாள் அத்தை. "எங் கண்ணால பாத்தேன், மேகம் மலமேல கருகருன்னு நின்னுச்சு. அது தெச மாறிப் போனா அதுக்கு நானா சாமி?" அத்தையின் வாய்க்கு முன்னால் சிரிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. அன்று மத்தியானம் மாமா வெளியே வந்து, பந்தலடியில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது மாமா இல்லை. பந்தல் போய்த் தென்னை வந்துவிட்டது. சந்தை அடைத்துச் சுவிட்ச் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். சுவரில் என் கடலும் நெளிவதில்லை. மழை வருமா என்று செல்போனைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் போயிருந்தபோது அத்தையிடம் கேட்டேன், அன்றைக்கு மேகம் அவ்வளவு கறுப்பாகவா இருந்தது என்று.

"மேகமா?" என்று சிரித்தாள். "வானம் கழுவிவிட்ட கும்பா மாதிரில்ல கெடந்துச்சு. ஒரு பொட்டு மேகமில்ல, ஆத்தா. அவுக கை நடுங்குச்சே, நீயுந்தேன பாத்த? அது நிக்கணும்ல."