புளித்த டின்னும் இருபத்திரண்டு அடியும்

பிள்ளைகளே, உங்கள் அப்பாவான நான் வாத்தியாராக இருந்தபோது அடி வாங்கிய கதை இது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பதினொரு மாணவர்கள். தாய் தகப்பன் விடியுமுன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருவார்கள். அதனால்தான் பள்ளிக்குப் பின்னால் அவர்களையே கீரைப் பாத்தி போட வைத்தேன். சனிக்கிழமை ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து, தாங்களே கீரை பறித்து, தாங்களே ஆக்கிச் சாப்பிட வேண்டும் என்பது பேச்சு.

தண்ணீர் ஊற்ற, ரப்பர் ஸ்டோரில் இரண்டு பழைய டின்கள் கேட்டு வாங்கிவந்தேன். அடியில் ஏதோ கொஞ்சம் கிடந்தது. ஒரு சிறுமி மோந்து பார்த்தாள்.

"ஐயா, புளிச்ச நாத்தம் அடிக்குது."

"எவனாச்சும் கள்ளு வாங்கியாந்திருப்பான். ஊத்து, செடிக்கு வெறியா ஏறப்போவுது?"

சிரித்துக்கொண்டே அதோடு தண்ணீர் சேர்த்துப் பாத்திக்கு ஊற்றினார்கள்.

சனிக்கிழமை பார்த்தால் பாத்தி முழுக்கக் கருகிக் கிடந்தது. எவனோ வேண்டுமென்றே வெந்நீர் ஊற்றியிருக்கிறான் என்று நினைத்துப் பிரம்பை எடுத்தேன். அந்தச் சிறுமி டின்னைக் காட்டி ஏதோ சொல்ல வந்தாள்; கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டு அடி. அவள் விரல் கிழிந்து ரத்தம் சொட்டியது. "இனிமே தோட்டமும் இல்ல, சோறும் இல்ல" என்று அரிசிப் பானையை எட்டி உதைத்தேன்.

அவள் ஓடிப்போய் ஸ்டோரில் வேலை செய்யும் தன் தகப்பனைக் கூட்டிவந்தாள். அவர் டின்னை மோந்தார்.

"கள்ளு இல்ல வாத்தியாரே. ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட்டு. மூக்கு எதுக்கு வச்சிருக்கே?"

அறைந்த அறையில் கருகின பாத்தியில் விழுந்தேன். அவர் பிரம்பை எடுத்தார்.

"கைய நீட்டு." நீட்டினேன். பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஆளுக்கு ரெண்டு, பதினோரு பேரு. மொத்தம் எத்தன?"

"இருவத்திரண்டு." ஒரே குரலில் சொன்னார்கள். வாய்ப்பாடு நான் சொல்லிக்கொடுத்தது.

ஒன்பதாவது அடியில் என் உள்ளங்கை பிளந்தது. "போதும்ப்பா" என்று மகள் பிரம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை வீசிவிட்டுப் போனார்.

சிந்திய அரிசியைப் பிள்ளைகளோடு பொறுக்கினேன். என்னால் அகப்பை பிடிக்க முடியவில்லை, அவர்களே வடித்தார்கள். கீரை இல்லை, உப்புத்தான். சாயங்காலம் டின்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வேறு இடத்தில் பாத்தி வெட்டினோம்.

திங்கட்கிழமை ஒருவன் கணக்கைத் தப்பாகச் சொன்னான். பழக்கத்தில் என் கை பிரம்புக்குப் போயிற்று. அந்தச் சிறுமி சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒங்களுக்கு இன்னும் பதிமூணு இருக்கு."

பிரம்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.