பக்கத்து வகுப்பில் சொன்ன கட்டுரை

காகிதத் துண்டுகள் மேசைமேல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம். திண்டிவனத்துக்கு அருகே நான் தமிழாசிரியையாக இருந்த பள்ளியில், ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு டீச்சர் அவற்றை என் முன்னால் பரப்பி, "உக்காருங்க டீச்சர். உங்க பொண்ணு சொன்னது" என்றார். நான் எடுத்தது 'ஏ' பிரிவு. என் மகள் அவருடைய வகுப்பில் இருந்தாள்.

மகளுக்கு எழுத்து வரவில்லை. வாய் ஓயாமல் பேசுவாள். பேனாவைக் கொடுத்தால் பாதி வரியில் நின்றுவிடுவாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எழுதவைத்த எனக்கு, பெற்ற பிள்ளையிடம் ஒரு பத்தி வாங்க முடியவில்லை. அந்த டீச்சர் என்னைவிட இளையவர், ஒலக்கூர் பக்கம். வகுப்பு முழுவதற்கும் ஒரே தலைப்புதான் கொடுப்பார். எழுத முடிந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். திணறுகிறவர்களுக்கு வாக்கியத்தின் தொடக்கத்தைப் பலகையில் போட்டுக் கொடுப்பார். எழுத்தே வராதவர்கள் வாயால் சொல்ல, அவரே எழுதி, வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, வரிசையாக அடுக்கச் சொல்லுவார். கடைசி வரியை மட்டும் பிள்ளையே எழுத வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் கலகலப்பு எனக்கு எரிச்சலூட்டும்.

அன்றைய தலைப்பு, மறக்க முடியாத நாள். துண்டுகளைப் படித்தேன். நெஞ்சுவலி வந்த அப்பாவை வேனில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வழியில் அவருடைய செருப்பு ஒன்று ரோட்டில் விழுந்தது. நிறுத்தச் சொல்லி அவள் கத்தியும் யாரும் நிறுத்தாதது. கடைசி வரி அவள் கையெழுத்தில், கோணல்மாணலாக: 'செருபு இனும் அங்கயே கிடகும்.'

என் கணவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் அவள் அப்பா என்ற சொல்லையே எடுத்ததில்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். அந்த வேனில் நானும்தான் இருந்தேன். எனக்குத் தராததை இன்னொருத்தியிடம் கொடுத்திருக்கிறாள். அழுகை வந்தது, அதற்கு முன்பே பொறாமை வந்துவிட்டது.

"எப்படிங்க சொல்லவெச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர். அவ சொல்லிக்கினே இருந்தா, நான் எழுதிக்கினே இருந்தேன். நடுவுல எதுவும் கேக்கல."

மறு ஆண்டு என் வகுப்பிலும் அதே முறையைக் கொண்டுவந்தேன். பேனாவையே தொடாத பிள்ளைகள் எழுதினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளை எழுதும்போதும் இது அந்த டீச்சருடையது, என்னுடையதல்ல என்று உள்ளே ஒன்று குத்தும்.

இப்போது மகள் விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த டீச்சரும் மாறுதலாகி அங்கேதான் இருக்கிறார். போன வாரம் மகளைப் பார்க்கப் போனபோது பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டார். "பாருங்க டீச்சர், எவ்ளோ எழுதுறா" என்று செல்போனை நீட்டினார். என் மகள் அனுப்பியவை. திரை நிறைய எழுத்து, எங்கும் பிழை. எனக்கு அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. குரல் பதிவுதான் வரும்.

விடுதி வாசலில் மகளைக் கேட்டேவிட்டேன்.

"நீ தமிழ் டீச்சராச்சே மா. தப்பு இருந்தா உன் கண்ணு நேரா அங்கதான் போவும்."

"தப்போடவே அனுப்புடி."

சிரித்தாள். சரி என்றாள். ஒரு வாரமாகிறது. எனக்கு இன்னும் குரல்தான் வருகிறது.