ஓஸ்மரினா கேட்டு வாங்காத ஒரு நாள்

1998ஆம் ஆண்டு மார்ச் 14, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு ஓஸ்மரினாவை முதன்முதலாகச் சந்தித்தேன். பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் படகை விட்டிறங்கி, ஊருக்குப் புதிதாக வாய்த்த ஆசிரியன் என்ற மிடுக்குடன் கால்பந்துத் திடலைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தேன். திடலின் விளிம்பெங்கும் தொட்டாற்சிணுங்கி படர்ந்திருந்தது. செருப்பைத் தாண்டி முள் ஏறவே, ஒற்றைக் காலில் நின்று தள்ளாடினேன். நெற்றிப்பட்டையில் கூடையைத் தொங்கவிட்டு முதுகில் சுமந்து வந்த பருத்த பெண்ணொருத்தி நின்று பார்த்தாள்.

"வாத்தியாரே, அதுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பாருங்க, இலையெல்லாம் கை கூப்புது."

"முள்ளு ஏறிடுச்சும்மா."

"கும்பிடு போட்டுக்கிட்டே குத்தும். ஊர்க்காரங்க கூடப் பழகுறதுக்கு இதுலயே பழகிக்கோங்க."

ஊரைப் பற்றி அன்று கேட்ட அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

அவள் கூடையில் இருந்தவை மழைக்காலத்தில் விழும் பிக்கியாப் பழங்கள். ஊருக்குப் பின்னால் காடு தொடங்கும் இடத்தில் மூன்று பெரிய பிக்கியா மரங்கள் நின்றன. எந்த மரத்தடியை யார் கூட்டித் துப்புரவாக வைத்திருக்கிறார்களோ, அதன் பழம் அவர்களுக்கு. இது இங்குள்ள நடைமுறை. தங்கம் தேடிப் போன கணவன் திரும்பாத நாள்முதல் அம்மூன்றின் அடியையும் ஓஸ்மரினாதான் கூட்டிவந்தாள். பழத்தை வேகவைத்து, சில நாள் மூடிவைத்து, சதையைச் சுரண்டி அடுப்பில் கிளறுவாள். மஞ்சள் எண்ணெய் மேலே மிதக்கும். மீன் பொரிப்பதற்கும் நெஞ்சுச் சளிக்கும் ஊரே அவளிடம் வாங்கியது. அவ்வெண்ணெய்தான் அவள் வீட்டில் ஆண்டு முழுவதும் அடுப்பை எரித்தது.

அந்தக் காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வது கடினம். ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு அதே இனத்து மற்றொன்றைக் காண நெடுந்தொலைவு நடக்க வேண்டும். கிளைகளில் ஆர்க்கிடுகளும் பெரணிகளும் தோட்டம் போட்டிருக்கும். பிக்கியாப் பூ உதிரும் மாதத்தில் மான்கள் மேய வரும். இத்தனைக்கும் நடுவே தொட்டாற்சிணுங்கிக்கு ஓரடி இடமில்லை. மனிதன் மிதித்துக் கெடுத்த வெயில் மண்ணில்தான் அது தழைக்கும். ஆனால் ஆற்றின் மேற்புறத்திலிருந்த சுற்றுலா விடுதியிலிருந்து படகேறி வந்த பயணிகள் கண்டு வியந்தது அதைத்தான்.

தொடங்கிவைத்தவள் ஓஸ்மரினாவே. அகன்ற தொப்பி அணிந்த ஒருவர் காட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவினார். அவள் கால் கட்டைவிரலால் செடியைத் தொட்டு, "இந்தாங்க, உங்க அழகைப் பார்த்து மயங்கி விழுது" என்றாள். படகில் வந்த கூட்டமே மண்டியிட்டுக் கைதட்டியது. மறுவாரம் இரண்டு படகுகள் வந்தன.

இதைக் கவனித்தவன் வால்தெனோர். ஞானஸ்நானத்தின்போது ஓஸ்மரினா கையில் ஏந்திய ஞானப்பிள்ளை. எதிர்ப்பட்டால் அவன் ஆசி கேட்பதும் அவள் வழங்குவதும் இருவருக்கும் கடமை. திடலிலுள்ள செடியைப் பையன்கள் மிதித்துவிடுகிறார்கள், ஆகவே பயணிகளிடம் காசு வாங்கிக் காட்ட, காடு தொடங்கும் இடத்தில் தனக்கென ஒரு தொட்டாற்சிணுங்கித் தோட்டம் வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். களைக்குத் தோட்டம் போட நினைத்த மனிதன் இந்த ஆற்றில் அதற்கு முன் பிறந்ததில்லை.

அவன் ஊர்க் கூட்டுவேலைக்கு அழைப்பு விடுத்தான். அழைத்தவன் சோறு போட வேண்டும். சமைக்க வரும் பெண்கள் உட்பட, வந்த ஒவ்வொருவருக்கும் பின்னர் ஒரு நாள் உழைப்பைத் திருப்பித் தர வேண்டும். எல்லாம் தீரும்வரை மறுபடி அழைக்கலாகாது. வேலை எதற்கென்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் அழைத்தவனை எடைபோட்டதாகிவிடுமாம். இந்த மரியாதையின் பெயரால், ஆண்டுதோறும் பிக்கியா தின்று வளர்ந்த ஆண்கள் அத்தனை பேரும் கோடரியோடு போனார்கள். மரத்தின் முன் நின்றபோதாவது ஒருவன் வாய் திறந்தானா? இல்லை. மரியாதை கெட்டுவிடும்.

ஓஸ்மரினா வால்தெனோர் வீட்டில் மற்றப் பெண்களோடு சமைத்துக்கொண்டிருந்தாள். முதல் மரம் விழுந்தபோது குழம்புச் சட்டி அதிர்ந்தது. அவள் நிமிர்ந்தாள். அவள் வாசலுக்கு வருவதற்குள் அடுத்ததும் விழுந்தது. மூன்றாவது ஏற்கெனவே பாதி வெட்டுண்டு நின்றது. திரும்பிப் போய்க் குழம்பை இறக்கினாள். கொடுத்த நாளைப் பாதியில் விடுவதில்லை. அத்தனை ஆண்களுக்கும் மீனும் மரவள்ளி மாவும் பரிமாறி முடித்த பின்னரே பேசினாள்.

"பிக்கியாவை எதுக்குடா சாய்ச்சே?"

"நிழல் விழுது ஞானத்தாயே. தொட்டாற்சிணுங்கிக்கு வெயில் வேணும்ல."

"என் அடுப்புக்கு என்னடா வேணும்?"

"படகுக்காரங்க வர ஆரம்பிச்சா உங்களுக்கும் நல்லதுதான்..."

"அந்தச் செடிக்கு இருக்கிற கூச்சத்துல கால்வாசி உனக்கு இருந்திருந்தா, கோடரியைத் தொட்டதுமே கை சுருங்கியிருக்கும்." பிறகு சாப்பிட்டவர்கள் பக்கம் திரும்பினாள். "நல்லாத் தின்னீங்களா? அடுத்த மழைக்கு வாங்க, அவன் இலையை வறுத்துத் தருவான்."



தோட்டம் இரண்டு பருவம் ஓடியது. பிறகு விடுதிக்காரர்கள் தங்கள் நடைபாதை ஓரத்திலேயே அச்செடி இலவசமாக முளைத்துக் கிடப்பதைக் கண்டுகொண்டார்கள். படகுகள் நின்றன. செடி நிற்கவில்லை. வால்தெனோரின் மரவள்ளிக்குள் புகுந்து, கொல்லையைப் பிடித்து, படிக்கட்டுவரை வந்தது. தனி ஆளாக வெட்டி மாளாது. கூட்டுவேலைக்கு அழைக்க வேண்டும். ஓஸ்மரினாவுக்குத் தர வேண்டிய நாள் மட்டும், அவள் கேட்காததால், தீராமல் நின்றது.

"ஆசி கொடுங்க ஞானத்தாயே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேளுங்க. எல்லாருக்கும் உழைச்சுக் குடுத்துட்டேன். உங்களது நிக்கிறதால ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்."

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். உன் கையில அரிவாளைக் குடுத்து எந்த மரத்தடியில விடச் சொல்றே?"

அவள் மற்றவர்களின் மரவள்ளி மாவு வறுக்கும் அடுப்பில் கூலிக்குக் கிளறினாள். கடைப்படகில் வாங்கிய எண்ணெயில் மீன் பொரித்து, அதைத் திட்டிக்கொண்டே தின்றாள். வீட்டருகே பிக்கியாக் கன்றுகள் நட்டாள். அவை காய்க்குமுன் 2011இல், ஆறு வற்றியிருந்த காலத்தில் இறந்துபோனாள்.

அடக்கத்தன்று விடிவதற்குள், குழி வெட்டியாவது அந்த நாளைத் தீர்த்துவிட, வால்தெனோர் மண்வெட்டியோடு இடுகாட்டுக்கு வந்தான். குழி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. முழங்கால்வரை முட்கீறல்களோடு என்னருகே வந்து நின்றான்.

"வாத்தியாரே, கடைசி நேரத்துல அவங்க பக்கத்துல நீங்கதானே இருந்தீங்க. என் நாளைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலை" என்றேன்.